மூவாயிரத்து அறுநூறு படங்கள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதியும் நேரமும் அதிலேயே பதிந்திருக்கின்றன. நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

நான் மின்னணு நுண்ணோக்கிக் கூடத்தில் வேலை செய்கிறேன். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. பகலும் இரவும் அங்கே ஒன்றுதான். ஆய்வுக்கு வரும் துண்டில் எந்த இடத்தில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று படம் எடுப்போம். நொடிக்கு ஒரு படம், ஒரு மணி நேரத்துக்கு. மூவாயிரத்து அறுநூறு படங்கள். அதற்குள் சூட்டில் துண்டு மெல்ல நகர்ந்துவிடும். அதனால் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். எல்லாப் படத்திலும் பதியாத ஓரத்தை வெட்டி எறிய வேண்டும். பிறகுதான் அளவு கணக்கிடலாம். நான் கொஞ்சம் தாராளமாகவே வெட்டுவேன். ஆபரேட்டர் அண்ணன் எனக்கு வைத்த பெயர் கத்திரி.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது ஒரு நுரையீரல் துண்டு. வெட்டுக்கருவிகளுக்குச் சாணை பிடிக்கும் பட்டறையில் இருபது வருடம் நின்றவருடையது. இறந்து மூன்று வாரம். அவர் நின்ற இயந்திரத்தில் இப்போது அவர் தம்பி நிற்கிறார். சாணையில் பறக்கும் டங்ஸ்டன் தூள் துண்டில் இருந்தால் பட்டறையை அன்றே பூட்டுவார்கள். இல்லையென்றால் மாலை ஆறு மணி ஷிஃப்டுக்குத் தம்பி போயாக வேண்டும்.

மேலே வராந்தா பெஞ்சில் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தார்.

"எப்பக்கா தெரியும்?"

"நாலு, நாலரை ஆயிரும்."

"சும்மா நின்னுட்டா வேலை போயிரும்க்கா. காகிதம் வேணும்." இருமினார். "அண்ணன் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு. இதுலயாவது சொல்லட்டும்."

1:40க்குப் பதிவு தொடங்கியது. 2:40க்கு முடிந்தது. துண்டு நகர்ந்த தூரத்தைக் கோடாகப் போட்டுப் பார்த்தேன். வழக்கமாகச் சாய்வான ஒரு கோடு வரும். வந்தது. ஆனால் கோடு முழுக்கச் சின்னச் சின்ன மேடு பள்ளம்.

"அண்ணே, பம்ப் ஆடுதா?" என்று ஆபரேட்டரைக் கேட்டேன்.

"என் பம்பைக் குத்தம் சொல்லலைன்னா உனக்குச் சோறு இறங்காதே, கத்திரி." கருவிக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சும் பம்பின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "கம்முனு கெடக்கு. உன் கண்ணைக் கழுவிட்டு வந்து பாரு."

டீ குடிக்கப் போய்விட்டார்.

படங்களைப் பொருத்தத் தொடங்கினேன். இடது ஓரத்தைப் பொருத்தினால் வலது ஓரம் விலகியது. வலதைப் பொருத்தினால் இடது. நகர்கிற துண்டு மொத்தமாக ஒரே பக்கம் நகரும். இது இரண்டு பக்கமும் விரிந்தது. பிறகு சுருங்கியது.

பிசினில் இறுக்கிய துண்டு அது. கண்ணாடி மாதிரி இருக்கும். விரிய வழியே இல்லை.

மேடுகளை எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் மட்டும் கோடு தாறுமாறாகக் குதித்திருந்தது. ஐந்து முறை. பிறகு... மறுபடி சீராக.

மணி 3:35.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். நடுவில் ஆடாத பட்டை ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் வெட்டினேன். கணக்கிட்டேன். டங்ஸ்டன், பூஜ்யம். அறிக்கையில் 'இல்லை' என்று தட்டினேன்.

துண்டு இன்னும் கருவிக்குள்தான் இருந்தது. பக்கத்துத் திரையில் அதன் நேரடிப் படம் ஓடியது. விரிந்தது... சுருங்கியது... விரிந்தது...

'அனுப்பு' பொத்தானுக்குச் சுட்டியைக் கொண்டுபோனேன்.

விரிந்தது.

நின்றது.

சுட்டியை விலக்கினேன். ஒரு நொடி... மெல்லச் சுருங்கியது. மறுபடி கொண்டுபோனேன்.

விரிந்தபடியே நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது.

3:52. ஒரு சத்தம். ஹ்ஹ்ஹ்... பம்ப் இல்லை. கருவியின் மூடிய குழாய்க்குள்ளிருந்து.

அதற்குள் காற்றே கிடையாது.

வெட்டியதை ரத்து செய்தேன். படங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் தனியாகப் பொருத்தினேன். எந்த ஓரத்தையும் தொடவில்லை. பக்கத்துத் திரையை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. 5:21க்கு வலது ஓரத்தில் புள்ளிகள் தெளிந்தன. பதினேழு. அத்தனையும் டங்ஸ்டன். அத்தனையும் நான் வெட்டி எறிந்த பகுதியில்.

புது அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். பெஞ்ச் காலி. தெருமுனையில் பஸ் ஏறப் போனவரைப் பிடித்து நிறுத்தினேன்.

"போகாதீங்க. இருக்கு."

காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"சொல்லிட்டாரா?" என்றார்.

அன்று மாலையே பட்டறை பூட்டப்பட்டது. தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, இறந்தவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வந்தார். அறிக்கையின் இன்னொரு பிரதியில் என் கையெழுத்து வேண்டுமாம். அவர் விரித்த கோப்பில் நீளமாக ஒரு தாள். அதில் அலை அலையாக ஒரு கோடு.

"இது என்ன டாக்டர்?"

"பேஷண்ட்டோட மூச்சுப் பதிவு. கடைசி நேரத்துல எடுத்தது. அன்னைக்கு நான்தான் ட்யூட்டி."

நிமிடத்துக்கு இருபத்திரண்டு. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் ஐந்து குதிப்பு.

என் கோட்டை அதே அளவில் அச்செடுத்தேன். இரண்டையும் சேர்த்து விளக்குக்கு நேராகப் பிடித்தேன்.

ஒரு நொடிகூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

டாக்டரின் தாளில் கோடு ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் நின்றது. இறந்த நேரம் என்று அங்கே டாக்டர் கையால் எழுதியிருந்தது. மானிட்டரைக் கழற்றியதும் அப்போதுதான்.

என் கோடு நிற்கவில்லை. மேடு... பள்ளம்... மேடு... இறந்ததாக எழுதிய பிறகும் இன்னும் எட்டு நிமிடம்.

டாக்டர் நான் அச்செடுத்த தாளை மடித்தார். தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இதை வேற யாருக்காவது காட்டுனீங்களா?"

அன்று, இல்லை என்றேன்.