ஹோல்டு ஒட்டிய புட்டி

சர்க்கரையால் என் கால் கட்டைவிரலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. அடுத்த வெள்ளிக்குள் சதை கூடாவிட்டால் விரலை எடுத்துவிடுவதாக ஓசூர் டாக்டர் சொல்லிவிட்டார். அன்று மாலையே, பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் மனைவியின் அண்ணன் மகள் ஒரு புட்டியோடு வந்தாள். துளசிச் சாற்றால் வெள்ளியை நானோ துகளாக்கிச் செய்த களிம்பு.

"மனிதர்களிடம் சோதிக்க அனுமதி வாங்கியாச்சா?" என்றேன். மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டில் நரைத்து ஓய்வு பெற்றவன் வேறென்ன கேட்பான்?

"இல்ல மாமா. எலிக்கு நல்லா ஆறுச்சி."

"அப்புறம் என்னா? போடும்மா," என்று மனைவி கட்டைப் பிரிக்க வந்தாள். "இவரு எலிய விட ஒசத்தியா?"

காலை இழுத்துக்கொண்டேன். சோதனை முடியும்வரை நிறுத்திவைக்கும் சரக்கில் ஆலையில் ஒட்டுவதைப் போலவே, புட்டியில் 'ஹோல்டு' என்று சீட்டு ஒட்டி, ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த வாரம் தயிர் எடுக்கும்போதெல்லாம் அவள் கதவை அறைந்து சாத்தினாள். விரலில் கருமை ஏறிக்கொண்டே வந்தது.

வெள்ளியன்று ஆஸ்பத்திரியில் விரலை எடுப்பதற்கான ஒப்புதல் படிவத்தை வரிவிடாமல் படித்துக் கையெழுத்திட்டேன்.

"அந்த வெரலுக்கும் ஒரு சீட்டு ஒட்டிருக்கலாம்ல?" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்தபடி.

களிம்பு காப்பாற்றியிருக்குமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள்.