அமலராணி டீச்சரின் பேஷன் ஃப்ரூட் கொடி

பம்மலில் என் எதிர்வீட்டு அமலராணி டீச்சர் 2019 ஜூலை 14 அன்று மொட்டைமாடியில் பேஷன் ஃப்ரூட் கொடி நட்டார். மூன்று ஆண்டுகள் நிறையப் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. "கைராசி வேணும் ராணி. புள்ள பெத்த கை வச்சாதான் காய்க்கும்," என்றார் அவருடைய நாத்தனார். டீச்சருக்குப் பிள்ளை இல்லை.

மூன்று பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டுக் கீதாவிடம் தன் கொடியிலிருந்து ஒரு கிளையைக் கொடுத்து அவர் வீட்டு மாடியில் நடச் சொன்னார். இரு கொடிகளின் மகரந்தத்தையும் தூரிகையால் மாற்றி மாற்றி வைத்தார். அப்படியும் காய்க்கவில்லை. 2023 மார்ச் 6 அன்று தன் கொடியை வெட்டிவிட்டு, தன் கைக்கு ராசியில்லாததுதான் காரணம் என்று என்னிடம் சொன்னார்.

கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். "உங்க கை இல்லைம்மா," என்றேன். "இந்த மஞ்சப் பழ வகைப் பூவோட சூலகமுடி, அதாவது மகரந்தம் ஒட்டுற நுனி, தன் கொடி மகரந்தத்தை அதோட புரதத்தை வச்சு அடையாளம் கண்டு, முளைக்க விடாம நிறுத்திடும். வெட்டி நட்ட கிளையும் அதே கொடிதான். வேற விதையில வந்த கொடி பக்கத்துல வேணும்."

"மூணு வருஷமா எதிர்மாடியில நின்னு பூவை எண்ணிட்டிருந்தீங்களே சார்," என்றார்.

எண்ணியிருந்தேன், 412 பூக்கள். பூவுக்காகவே வளர்க்கிறார் என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

அடுத்த வாரம் ஒரு விதைக்கன்று கொண்டுபோனேன். "கீதாகிட்ட குடுங்க சார்," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.