படையலில் நனைந்த ரொட்டி

அண்ணியை நினைத்தாலே, அப்பாவின் படையல் இலையோரத்தில் கறுப்பு பீரில் ஊறிக் கிடந்த ஒரு ரொட்டித் துண்டுதான் முதலில் கண்ணில் நிற்கிறது. ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்கப் போன அண்ணன், அங்கேயே ஒரு பெண்ணை மணந்து மலேசியாவில் எங்கள் ஊரான புக்கிட் ரோத்தானுக்கு அழைத்து வந்த வருடம் அது. "தோட்டத்துல துரைக்குக் கும்பிடு போட்ட குடும்பம். இப்போ துரை வீட்டுப் பொண்ணே மருமக லா!" என்று அத்தை கேலி செய்தார். அதற்குள் கொஞ்சம் தமிழ் பழகியிருந்த அண்ணி சிரிக்கவில்லை. "நான் துரை இல்ல, அத்தை. எங்க ஊருக்கும் துரைங்க வந்தாங்க. பாரசீகம், துருக்கி, ரஷ்யா. வரிசையா."

"அப்புறம் ஏன் அண்ணி எப்பவும் உங்களை ஐரோப்பான்னு சொல்லிக்கிறீங்க?" என்று கேட்டேன். எனக்கு ஐரோப்பா என்றால் தோட்டத்து மேட்டில் வெள்ளைக்காரத் துரை இருந்த பங்களாதான். அவர் சொன்ன ஐரோப்பாவில் பங்களாவே இல்லை. கருங்கடல் கரையில் கிரேக்கக் கப்பல்கள் வந்து நின்ற பழங்காலம், தேவாலயக் கல்லில் பல நூற்றாண்டுகளாக நிற்கும் சொந்த எழுத்து, சிலுவை, மண்ணில் புதைத்த சாடியில் நுரைக்கும் திராட்சை மது. வரைபடத்தில் சிலர் தங்கள் நாட்டை ஆசியா என்று போட்டாலும், யார் ஆண்டபோதும் இவற்றை விடவில்லை என்றார். நான் தலையாட்டினேன். நம்பினேனா என்று இன்றும் தெரியவில்லை.

அந்த வாரம்தான் அப்பாவின் திவசம் வந்தது. கோழிக் குழம்போடு அவருக்குப் பிடித்த கறுப்பு பீரையும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். அப்பா சாப்பிடும் நேரம் அது; உள்ளே யாரும் இருக்கக் கூடாது. அது தெரியாமல் அண்ணி உள்ளேயே இருந்துவிட்டார். கதவைத் திறந்தால் இலையில் நனைந்த ரொட்டி! "படையல்ல கை வச்சுட்டாளே!" என்று அத்தை கத்தினார். "செத்தவங்களுக்கு எங்க ஊர்ல ரொட்டி மேல வைன் ஊத்துவோம்," என்றார் அண்ணி. அம்மா ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவருக்கு எதையும் நனைச்சுத் தின்னாத்தான் இறங்கும்," என்று சொல்லிவிட்டுக் கற்பூரம் ஏற்றினார்.

இப்போது அண்ணனும் அண்ணியும் ஜார்ஜியாவில் இருக்கிறார்கள். தங்கள் நாடு ஐரோப்பாவோடு சேர வேண்டும் என்று கேட்டுத் தெருவில் நிற்கும் கூட்டத்திற்கு அண்ணி ஐந்து வயது மகனையும் கூட்டிப் போகிறார். இன்று மாலையும் போவதாகக் குரல் செய்தி: "ஐரோப்பா எங்க வீட்டுலயே இருந்தது. அவன் பார்க்கட்டும்." எனக்கும் ஒரு சிறு பெண் இருக்கிறாள். கூட்டம் நெருக்கினால்? தள்ளுமுள்ளு வந்தால்? சொல்ல எனக்கென்ன உரிமை? சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்?

இன்றும் அப்பாவுக்குப் படையல். யாரும் சொல்லாமலே அம்மா ரொட்டியை நனைத்து இலையோரம் வைத்தார். அதைப் படம் எடுத்துக்கொண்டேன். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, "பையனை வீட்டில் விட்டுப் போங்கள், அண்ணி" என்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதி அழித்தேன். கடைசியில் ரொட்டியின் படத்தை மட்டும் அனுப்பினேன். மனம் கேட்கவில்லை. "அங்கே குளிராமே, பையனுக்குக் காதை மூடிக் கட்டினீர்களா?" என்று கேட்டேன்.