பெற்றோர் பார்த்துவிட்டார்

எங்கள் பள்ளிக்கு அந்த ஆப் வந்த அன்று எங்களுக்கு வடையும் காபியும் கொடுத்தார்கள். அதற்கு மேல் அதனால் எனக்குக் கிடைத்த நன்மை ஒன்றும் இல்லை.

பள்ளி, பெரியபாளையம் தாண்டி கும்மிடிப்பூண்டிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. நான் மணவாள நகரிலிருந்து பஸ் மாறி வருகிறவள். சமூக அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியை. என் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ, இல்லை இரண்டு பேருமோ, கும்மிடிப்பூண்டி பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை.

வடை தின்று முடித்ததும், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் திரையைப் போட்டு விளக்கினாள். ஆசிரியர், மாணவர், பெற்றோர் மூன்று பேரும் இனிமேல் ஒரே இடத்தில். பிள்ளை வந்ததா வரவில்லையா, வீட்டுப்பாடம் என்ன, மார்க் என்ன, எல்லாம் அந்த நிமிடமே பெற்றோரின் போனுக்குப் போய்விடும். அவர்கள் திறந்து பார்த்து, கீழே உள்ள பொத்தானை அமுக்கினால் எங்கள் திரையில் பச்சை டிக் விழும். பக்கத்தில் ‘பெற்றோர் பார்த்துவிட்டார்’ என்று வரும். “இனிமே உங்களுக்கும் பேரன்ட்ஸுக்கும் நடுவுல கேப்பே இல்ல மேடம்” என்றாள். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

அதற்கு முன்னால் என் வழி வேறாக இருந்தது. ஒரு பிள்ளை சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வரவில்லையென்றால், சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் போய் நிற்பேன். பஸ் திரும்பும்போதே ஜன்னலிலிருந்து குரல் வரும். “ஏய், மிஸ்ஸு நிக்கிறாங்கடி! இன்னிக்கு யாரு ஊட்டுப் புள்ள மாட்டிகிச்சோ!” பஸ்ஸே சிரிக்கும். மாட்டிய பிள்ளையின் அம்மா டிபன் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி, “இன்னா மிஸ் பண்ணா?” என்று என் முன்னால் வந்து நிற்பாள். மறுநாள் காலை அந்தப் பிள்ளை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அழகான வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொன்ன சேதி சேர வேண்டியவரிடம் போய்ச் சேர்ந்தது.

ஆப் வந்த மறுவாரமே பள்ளியை நடத்துகிற கரெஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். “ரோட்ல நின்னு பேரன்ட்ஸப் புடிக்கிறது நம்ம ஸ்கூலுக்கு மரியாதையா மேடம்? எதுவா இருந்தாலும் போர்ட்டல்ல போடுங்க” என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கால் வலி மிச்சம், சீக்கிரம் பஸ் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வினை பச்சை டிக்கில் வந்தது. திங்கட்கிழமைதோறும் எந்த வகுப்பில் எத்தனை பெற்றோர் பார்த்தார்கள் என்று திரையில் கோடு கோடாகப் போட்டுக் காட்டுவார்கள். என் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஒன்பது டிக். கம்பெனி கேட்டிலேயே போனைப் பெட்டியில் போட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஷிப்டு முடிந்து போனைக் கையில் வாங்கினால் ஆயிரத்தெட்டு மெசேஜ் சேர்ந்து வந்து விழும். நின்று கால் கடுத்துப்போன பொம்பளை அதில் எங்கள் ஆப்பைத் தேடித் திறந்து பொத்தானை அமுக்குவாளா? இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். “மத்த கிளாஸ்ல நூறு பர்சென்ட் வருது. உங்களுக்கு மட்டும் என்ன மேடம் கம்பெனி, கேட்டுனு கதை?” என்றார் கரெஸ்பாண்டென்ட்.

மற்ற வகுப்பில் நூறு எப்படி வருகிறது என்பதைக் கணக்கு சார்தான் சொன்னார். பக்கத்து ஏ பிரிவு அவருடையது. “நீங்க சுத்த வெகுளி மேடம். எல்லா பேரன்ட்ஸுக்கும் ஸ்கூல்ல குடுத்தது ஒரே பாஸ்வேர்டு. ஒருத்தரும் மாத்தல. நம்பரப் போடுங்க, உள்ள போங்க, அமுக்குங்க, வெளிய வாங்க. அவ்ளோதான்.”

சீ என்று இருந்தது. ஒரு வாரம் சீ என்றே இருந்தேன். அடுத்த திங்கள் மறுபடி என் வகுப்பு கடைசியில் நின்றது, மறுபடி பேச்சு வாங்கினேன், அந்த சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் கம்ப்யூட்டர் அறையில் போய் உட்கார்ந்தேன்.

நாற்பத்திரண்டு போன் நம்பரைப் பதிவேட்டில் பார்த்துப் பார்த்து அடிப்பதற்குள் கண் அவிந்துவிடும். அதனால் ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து நம்பரைப் படிக்கச் சொன்னேன். என் வகுப்புதான். கணீரென்ற குரல். அப்பா லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா, கார்களுக்கான ரப்பர் வளையங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கிப் போடுகிற கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்கு முன்னால் பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வீடு. காலியான வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறாள் என்று நான்தான் அவளை நிறுத்திக்கொண்டேன். அவள் படித்தாள், நான் அமுக்கினேன். தன் அம்மா நம்பர் வந்தபோது வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே படித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை என் வகுப்பு நூறு. “குட்” என்றார் கரெஸ்பாண்டென்ட்.

அந்தப் பெண்ணுக்குக் கணக்கு மட்டும் சுத்தமாக வராது. மற்ற எல்லாவற்றிலும் தேறிவிடுவாள். கணக்குப் பரீட்சை வைக்கிற நாளில் லீவு போட ஆரம்பித்தாள். அப்புறம் பரீட்சைக்கு முந்தின நாளும். அப்புறம் விடைத்தாள் கொடுக்கிற நாளும். அப்புறம் எது எதற்கு என்றே கணக்கில்லாமல் போயிற்று. அம்மா பஸ் ஏறியதும் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. நான் விடாமல் ‘இன்று வரவில்லை’ என்று ஆப்பில் போட்டேன். என் கடமையில் குறை வைக்கவில்லை பாருங்கள்.

ஆனால் சனிக்கிழமை மட்டும் தவறாமல் வந்துவிடுவாள். அன்று கணக்கு கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் படிப்பாள். அவள் வரவில்லை என்று வெள்ளிக்கிழமை நானே போட்ட அறிவிப்பை, சனிக்கிழமை அவள் நம்பர் படிக்க, நானே அவளுக்கு அம்மாவாகி, பார்த்துவிட்டேன் என்று அமுக்குவேன். அம்மாவுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உறைத்தது, எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் கேட்டேன். “ஏண்டி இவ்வளவு லீவு?”

“வவுத்து வலி மிஸ்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும் மிஸ்.”

நானும் சரி என்றுவிட்டேன். தெரியாமல் எப்படி இருக்கும், அத்தனைக்கும் டிக் விழுந்திருக்கிறதே என்று மனதில் ஓடியது. நான் போட்ட டிக்கை நானே நம்பினேன். இப்படி ஒரு கூத்து எங்காவது உண்டா?

அரையாண்டு முடிந்து, பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியல் போடுகிற நேரம் வந்தது. பட்டியலில் பெயர் போனால்தான் ஹால் டிக்கெட். எங்கள் பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும், வாசலில் பேனர் கட்ட வேண்டும். தேறாது என்று தோன்றுகிற பிள்ளைக்கு வருகைப்பதிவும் குறைவு என்றால் அது போதும், கழற்றிவிட்டுவிடுவார்கள். அவள் பெயரின் மேல் கரெஸ்பாண்டென்ட் பேனாவை வைத்தார். “இவ எழுதினா ரிசல்ட் காலி. பிரைவேட்டா எழுதிக்கட்டும். அம்மாவ வரச் சொல்லுங்க.”

அந்த அம்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கம்பெனி யூனிபார்மோடு வந்து நின்றாள். பக்கத்தில் பெண். நான் மேசைக்கு இந்தப் பக்கம்.

“இன்னா சார் சொல்றீங்க? எம் பொண்ணு தெனம் ஸ்கூலுக்குதான வருது. நான்தான் டப்பாவுல சோறு கட்டி வச்சிட்டுப் போறேன். சாயங்காலம் டப்பா காலியா கீது.”

கரெஸ்பாண்டென்ட் திரையை அவள் பக்கம் திருப்பினார். “பாரும்மா. பதினேழு தடவ அனுப்பியிருக்கோம். பதினேழு தடவயும் நீ பாத்திருக்க. பச்சையா எழுதியிருக்கு, படி.”

அவள் திரையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒவ்வொரு வரியாக விரல் இறங்கியது. “நான் பாக்கல சார். சத்தியமா பாக்கல. போன கேட்லயே வாங்கி வச்சிக்குவாங்க சார்.”

“அப்ப யாரு அமுக்குனது? நானா?”

ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் நேரமும் போட்டிருந்தது. எல்லாம் சனிக்கிழமை, மூன்று மணிக்கு மேல். அவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க மிஸ். பஸ்ஸாண்ட வந்து நிப்பீங்களே, நீங்க சொல்லுங்க.”

நான்தான் அமுக்கினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. வேலை போய்விடும் என்று பயம். அதைத் தவிர வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. நான் சொன்னது இது: “பஸ்ல வரும்போது தெரியாம கை பட்டிருக்கும்மா.”

அந்தப் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். சொல்லவில்லை. மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாளா, சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஆமா மிஸ். பஸ்ல தூங்கி வழிஞ்சிக்கினு வருவேன். போனு கைலதான் கெடக்கும். பட்டிருக்கும் போல” என்றாள். அப்புறம் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். “பாவி, எம் பொண்ணு படிப்ப நானே கெடுத்துட்டனே! அத திட்டக்கூட எனக்கு வாயி இல்லியே சார்!”

பெயரை அடித்துவிட்டார்கள். தனித்தேர்வராக எழுத விண்ணப்பிக்கிற தேதி எப்போது முடிந்ததென்று அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை, விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டிய நானும் சொல்லவில்லை. பெண்ணைத் திருநின்றவூரில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, யாரையும் கேட்காமல், நான் பழையபடி பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவே ஓடி வந்தாள். “மிஸ், அந்த ஆப்ப எப்டி பாக்கறதுனு கத்துக் குடுங்க மிஸ். இந்த ஒரு மாசமாதான் தொறந்து பாக்கறேன், எப்பவாச்சும் உள்ள போவும், சனிக்கிழம ஆனா வெளிய தள்ளிடுது. ஒரே பேஜாரு.”

நான் உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் அவள் போனில் அவளை அது வெளியே தள்ளியிருக்கிறது. அதுகூட அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரோட்டோரத்தில் நின்று அவள் போனை வாங்கி, புதுப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்து, எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போகாததால் அந்தப் பெண்ணின் பெயர் இன்னும் போர்ட்டலில் இருக்கிறது. யாரும் வருகை போடாத பெயர் என்பதால் தினமும் காலையில் ‘இன்று வரவில்லை’ என்று ஆப் அதுவாகவே அனுப்புகிறது. தினமும் சாயங்காலம் ஷிப்டு விட்டு, போனைக் கையில் வாங்கியதும், அந்த அம்மா திறந்து பார்த்து அமுக்குகிறாள். முதலில் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது பேரும் வெளியே தள்ளித் தள்ளி அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். என் வகுப்பிலேயே நிஜமாக விழுகிற டிக் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இன்றைக்கும் சனிக்கிழமைதோறும் நான் போடுவது. ஆமாம், இன்னும் போடுகிறேன்.

பொதுத்தேர்வு தொடங்கிய வாரம், பெரியபாளையத்துக்குப் பஸ் ஏற நின்றிருந்தபோது அந்த அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “சித்தி கொழந்தையப் பாத்துக்கினு கீது மிஸ்” என்றாள். அப்புறம் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“தெனம் பாத்துட்றேன் மிஸ். ஒரு நாளு உடல. நீங்களே பாருங்க. அடுத்த வருசம் பேரு சேக்கும்போது சாரு இத பாத்து எடுத்துக்குவாரில்ல மிஸ்?”

“எடுத்துக்குவாரும்மா” என்றேன்.