ஜெயபாலன் கொடுத்த குரல்

நான் சொல்வதில் முக்கால்வாசி புளுகு என்று மலேசியாவின் ஈப்போவில் பலருக்கும் தெரியும். இது மிச்சக் கால்வாசி. நடந்தது.

1985, ஆகஸ்ட் 11, ஞாயிறு. என் வீட்டு மாடி அறை. நானும் ஜெயபாலனும் கோப்பெங் பக்கம் ஒரே ரப்பர் எஸ்டேட்டில் பாலுக்கு மரம் சீவியவர்கள். 1978-இல் மரங்களை வெட்டித் தள்ளி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். எங்கள் பேர் கீறிய பால் வாளிகளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்துவிட்டோம்.

ஞாயிறானால் கம்ப்யூட்டர் கேம். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் கம்ப்யூட்டரில் ஏறும். படமே கிடையாது, எழுத்துதான். நீ எங்கே நிற்கிறாய் என்று திரை சொல்லும். என்ன செய்வது என்று நாம் தட்டவேண்டும். நான் தட்டுவேன், ஜெயபாலன் வரைபடம் போடுவான். ஆடி முடித்து விமர்சனம் எழுதுவோம், பத்துக்கு இத்தனை மார்க் என்று. கேசட் கடை நூஹு அதை நகலெடுத்துக் கடையில் வைப்பார்.

அன்று நூஹு கொடுத்த கேசட்டில் பேர் ஒட்டவில்லை. மூன்று மணிக்குப் போட்டோம்.

'பெரட்டுக் களத்தில் நிற்கிறாய். இன்னும் விடியவில்லை. விளக்கோடு ஒருவர் பேர் கூப்பிடுகிறார்.'

ஜெயபாலன் சிரித்தான். "எவனோ நம்ம எஸ்டேட்காரன் எழுதியிருக்கான் லா!"

எஸ்டேட்டில் தினமும் ஐந்தரைக்குப் பெரட்டு. கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். தூங்கிப்போன கூட்டாளிக்காக இன்னொருத்தன் 'இருக்கேன்' என்று குரல் கொடுப்பான். அகப்பட்டால் ஒரே தண்டனை. குரல் கொடுத்தவனே இரண்டு பேர் மரத்தையும் சீவணும்.

திரையில் முதல் பேர். சன்னாசி.

நான் எதையும் தட்டவில்லை. 'இருக்கேன்' என்று அதுவே எழுதிக்கொண்டது.

கருப்பம்மாள். இருக்கேன்.

இருளாயி. இருக்கேன்.

மூன்று பேரையும் எங்களுக்குத் தெரியும். மூன்று பேரையும் புதைத்த இடமும் தெரியும்.

"டீ வாங்கிட்டு வாரேன்," என்றேன். பயம் என்று சொல்லமாட்டேன். மணி 3.20.

3.38-க்குத் திரும்பினேன்.

"உன் பேரு வந்துச்சு மச்சான்," என்றான் ஜெயபாலன். "சும்மா துடிச்சுக்கிட்டே நின்னுச்சு. இது தானா எழுதலை. நீ கீழ போயிட்டியா... பழக்க தோஷம். நான் 'இருக்கேன்'னு தட்டிக் குரல் கொடுத்துட்டேன்."

திரையைப் பார்த்தேன்.

'சீனி. இருக்கேன். நாளை, ஒன்பதாம் நம்பர் காடு.'

அடுத்த வரி வந்தது.

'யார் குரல் அது?'

ஜெயபாலனின் விரல் விசைப்பலகைக்குப் போனது...

பிளக்கைப் பிடுங்கினேன். 3.41.

திரை செத்தது.

பேட்டரியில் ஓடிய டேப் ரெக்கார்டர் மட்டும் நிற்கவில்லை.

டங்... டங்... டங்...

பெரட்டு மணி.

"கேம் நல்லாத்தான் இருக்கு," என்றான். "எத்தனை போடலாம்?"

"நாளைக்கு வெளியே போகாதே."

"போடா டேய்."

மறுநாள் ஐந்து மணிக்கு அவன் வீட்டை விட்டுக் கிளம்பியதாக அவன் மனைவி வீரம்மா சொன்னாள். வேலைக்கு என்று நினைத்தாளாம். பதினொரு மணிக்கு எங்கள் எஸ்டேட்டின் பழைய ஒன்பதாம் நம்பர் காட்டில் கண்டெடுத்தார்கள். செம்பனை அடியில் உட்கார்ந்த வாக்கில். ஆஸ்பத்திரியில் நான்தான் அடையாளம் காட்டினேன். விரலெல்லாம் ரப்பர் பால். காயவில்லை. ஏழு வருஷமாக அங்கே ஒரு ரப்பர் மரம் கிடையாது.

அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வியாழக்கிழமை நூஹு வந்தார். "அண்ணே, மன்னிச்சுக்குங்க. அன்னைக்கு காலி கேசட்டைக் கொடுத்துட்டேன். கேம் என் மேசையிலதான் கிடக்கு."

பதினாறாம் நாள் காரியத்துக்கு, ஜெயபாலனைக் கண்டெடுத்த பத்துமலை என்பவனும் வந்திருந்தான். செம்பனைக் குலை வெட்டுகிறவன். என்னை அவனுக்குத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"பக்கத்துல ரெண்டு வாளி இருந்துச்சுண்ணே. ரெண்டுலயும் தளும்பத் தளும்பப் பால். ஒண்ணுல அவரு பேரு. இன்னொண்ணுல சீனின்னு கீறியிருந்துச்சு. யாருண்ணே அது?"

"தெரியாது," என்றேன்.