மணந்து பார்க்காத பூ

சொக்லேட் லில்லி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்யவேண்டாம். யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே தானாக முளைக்கிற காட்டுச் செடி. பார்த்தால் புல். வசந்தத்தில் மெல்லிய தண்டு ஒன்று எழும்பி, ஊதா நிறத்தில் சின்னப் பூக்கள் தலையைக் குனிந்துகொண்டு பூக்கும். வெயில் ஏறிய நேரத்தில் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் சொக்லேட் மணக்கும் என்று நர்சரியில் ஒரு பெண் சொன்னார். அந்த மணத்துக்காகத்தான் வாங்கினேன். வேறு காரணம் இல்லை.

"காசு குடுத்துப் புல்லு வாங்கின ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றார் கணவர்.

மெல்பேர்னில் எங்கள் வீட்டுப் பின்வளவில், வேலியோர மரத்தடியில் நட்டேன். முதல் வசந்தத்தில் இலை மட்டும். கோடையில் அதுவும் காய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போனது. கிழங்கு மண்ணுக்குள் தூங்கும், தோண்டவேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்ததால் பேசாமல் இருந்தேன். அடுத்த வசந்தத்திலும் இலைதான். மூன்றாவது வசந்தத்தில் தண்டு வந்தது, நான்கு மொட்டுகளோடு.

ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. மொட்டை விரலால் சுட்டினால் கண்ணூறு பட்டுக் கருகிவிடும் என்பது சின்ன வயதில் அம்மா எனக்கு ஊட்டியது. நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். காலையில் குளித்துவிட்டு, தட்டோடு வளவைச் சுற்றிச் சாமிக்குப் பூப் பறிப்பது அவருடைய வேலை. ஒருநாள் கோப்பி போட வந்தேன். குசினிப் பக்கத்துச் சாமித்தட்டில், பிள்ளையார் காலடியில், என் தண்டு முழுசாகக் கிடந்தது. ஒரு பூ விரிந்திருந்தது.

"ஆரைக் கேட்டுப் புடுங்கினனீங்கள்?" வீடு அதிரக் கத்தினேன்.

"எனக்கென்னடி தெரியும்? நீ வாயைத் திறந்து சொன்னனியே?"

மணந்தாவது பார்ப்போம் என்று கையை நீட்டினேன்.

"சாமிக்கு வைச்ச பூவை மணக்கிறேல்லை. கையை எடு."

"ஏன், செவ்வரத்தை வைச்சால் காணாதோ?"

"அது எந்த நாளும் வைக்கிறதுதானே. இண்டைக்கு உன்ர ரிசல்ட் வாற நாள். அதுதான் வளவில நல்ல பூவாப் பாத்து வைச்சனான்."

என் மார்பில் ஒரு கட்டி இருந்தது. சும்மா ஒரு செக்கப் என்றுதான் அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன். அவர் நம்பியிருக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோப்பியைக் குடிக்காமலே வேலைக்குப் போனேன்.

பின்னேரம் டொக்டர் போன் எடுத்தார். பயப்பட ஒன்றும் இல்லை. பூவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அம்மாவோடு யார் வாதாடுவது?

இந்த வருடம் புத்தி வந்து எல்லோருக்கும் சொன்னேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் விரலால் சுட்டியே காட்டினேன். தண்டில் இரண்டே மொட்டு. ஒன்று கருகிவிட்டது. காட்டியதாலா என்று என்னிடம் கேட்கவேண்டாம். அதற்குப் பிறகு அம்மா அந்த மரத்தடிப் பக்கமே போகவில்லை. "உன்ர புல்லு என்னவாம்?" என்று கதிரையில் இருந்தபடியே விசாரிப்பார். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். இரண்டு மாதமாக விடாத இருமல்.

போன செவ்வாய்க்கிழமை மற்ற மொட்டு விரிந்தது. நல்ல வெயில். உள்ளே அம்மா சப்பாத்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். நெஞ்சில் எடுத்த ஸ்கானின் ரிசல்ட் கேட்க ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகவேண்டும். "சும்மா ஒரு செக்கப் தானே பிள்ளை," என்று காலையிலிருந்து மூன்று தரம் சொல்லிவிட்டார்.

மரத்தடியில் குந்தினேன். பூ முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு கிள்ளினேன். பிள்ளையார் காலடியில் வைத்துவிட்டு வந்து காரை எடுத்தேன்.