தாருவின் கால்

நேற்று பேத்தியின் நாய் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. விரல் இடுக்கைப் பார் என்றேன். பார்த்தாள், நெருஞ்சி முள் இருந்தது. எடுத்துப் போட்டதும் நாய் ஓடிவிட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். 

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் அப்போது, குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற குழித்தறிகள் இரண்டு. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அம்மா. தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. நூல் சுற்றிய தார் மாதிரியே நடு பருத்து, இரு முனையும் சிறுத்து ஒரு குட்டி நாய் இருந்தது. அதனால் அதற்குத் தாரு என்று பெயர். அப்பாவின் தறிக்குப் பக்கத்தில்தான் படுக்கும். அப்பா வீட்டில் யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார். தாருவிடம் பேசுவார்.

ஒருநாள் காலையில் தாரு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. அப்பா தறியை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்து, சாவு வீட்டுக்குப் போவதற்குத்தான் அவர் தறியை நிறுத்துவார். தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சுளுக்கு என்றார் ஒருவர், உப்பும் புளியும் காய்ச்சிப் பற்றுப் போடச் சொன்னார் இன்னொருவர். எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, வேறு எதையும் கேட்கவே இல்லை.

"கோயில் புத்துமண்ணு இருக்கும்போது வேற மருந்து என்னத்துக்குலே? கொழச்சு அப்பு."

எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் அதுதான் முதல் வைத்தியம். அப்பா குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்தார். தண்ணீர் விட்டுக் குழைத்து, தாருவின் காலில் கனமாகப் பூசி, மேலே துணி சுற்றினார். நடக்க விடக்கூடாது என்று சாக்கு விரித்துக் கட்டிப் போட்டார். அதற்குப் பால் வைக்கும் வேலையும் எனக்கு வந்தது.

அதே வாரம் அம்மாவும் நொண்டிக்கொண்டிருந்தாள். குடத்தோடு கிணற்றடியில் வழுக்கி விழுந்திருந்தாள். கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. வலிக்குதா என்று கேட்டேன்.

"தறி மிதிக்க மிதிக்கச் சரியாப் போயிரும்ட்டி."

மிதித்தாள். தண்ணீர் எடுத்தாள். நெல் குத்தினாள். மீந்த புற்றுமண் ஒரு சிரட்டையில் மாடக்குழியில் இருந்தது. ஒரு மத்தியானம் அம்மா அதில் கொஞ்சம் எடுத்துக் கணுக்காலில் தடவினாள். அத்தை பார்த்துவிட்டாள்.

"நாய்க்கு வச்சிருக்கத எடுக்கியே. தம்பி கேட்டா யாரு பதில் சொல்லுதது?"

அம்மா சிரட்டையை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

தாருவின் கால் நாளுக்கு நாள் மோசமானது. அது துணியைக் கடித்துக் கடித்து இழுக்கும். கடிக்காதே என்று அப்பா அதட்டுவார், மறுபடி மண் பூசுவார். கடைசியில் நாற்றம் வந்தது. பால் குடிப்பதையும் நிறுத்திவிட்டது. இனி தேறாது என்று அத்தை சொன்னபோது அப்பா தெருவுக்குப் போய் நின்றுகொண்டார்.

அம்மாதான் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். தன் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, தாருவை மடியில் போட்டு, மண்ணை ஊறவைத்து உதிர்த்தாள். முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். விரல்களுக்குச் சற்று மேலே, சதைக்குள் புதைந்து, ஒரு நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. எங்கள் தறி நூல். தரையில், தலையில், சோற்றுத் தட்டில் என்று எங்கேயும் நூல் கிடக்கிற வீடு அது. நூலை ஒரு பொருளாக யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லை. அதன் மேலேயே மண்ணை அப்பி, துணியையும் சுற்றியிருந்தோம். அம்மா ஊசி முனையால் நெம்பி, பல்லால் கடித்து அறுத்தாள். தாரு ஒரு தரம் கத்திவிட்டு அவள் கையை நக்கியது.

அப்பா உள்ளே வந்து அந்த நூலைப் பார்த்தார்.

"இத்தன நாளா அது நொண்டிக்கிட்டுக் கெடக்கு. நீ வீட்டுலதான கெடக்க? ஒரு தரம் பாத்தா என்ன?"

அம்மா தாருவின் காலை வெந்நீரில் துடைத்துவிட்டாள். அவர் தறிக்குப் போன பிறகு தாருவின் தலையைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஒனக்கு வாயில்ல. அதனால எல்லாரும் பாத்தாவ."

பிறகு தறிக்காலைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். தாரு சீக்கிரமே தெரு முழுக்க ஓடியது. அம்மாவின் உடைந்த கணுக்கால் எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. சாகும்வரை அப்படித்தான் நடந்தாள்.

அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். தாரு பிழைத்துவிட்டது. அம்மா பேசியது நாயைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டு, பால் எடுத்து வர ஓடினேன்.